அசைவுணரியும் இருகம்பித் தொடர்பும்

அளக்குங் கருவி எத்துணை நுட்பமுடையதாயினும், அதனிடம் வினவும் முறை பிழைப்படின் பெறும் விடையும் பிழைப்படும். இவ்வுண்மை ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரியதன்று. இரு சிலிக்கன் சில்லுகளிடையே நிகழும் செய்திப் பரிமாற்றத்துக்கும் உரியதாகும்.

கருவிகளை இயக்கும் சிறு கணினியாகிய நுண்கட்டுப்படுத்தி ஒருபுறம். அசைவை அளக்கும் உணரி மறுபுறம். இன்வென்சென்ஸ் நிறுவனம் ஆக்கிய எம்.பி.யூ.-6050 என்னும் உணரியை ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 4 மில்லிமீற்றர் பக்கமுடைய இச்சதுரச் சில்லு, மூன்று அச்சுக்கள் வழி ஆர்முடுகலையும், அவ்வச்சுக்களைச் சுற்றிய கோணவேகத்தையும் அளக்க வல்லது. நான்கு சுழலிகளாற் பறக்கும் சிறு வானூர்திகள் தம் சாய்வை அறிந்து நிமிர்வது இத்தகைய உணரிகளின் துணைகொண்டேயாம்.

இவை பேசும் முறை ஐ-ரூ-சீ எனப்படும். ஒல்லாந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனத்தார் 1982 இல் இதனை வகுத்தனர். இதற்கு வேண்டுவன துடிப்புக் கம்பி ஒன்றும் தரவுக் கம்பி ஒன்றுமே. ஒரு துடிப்புக்கு ஒரு துவித இலக்கமாக, 0 அல்லது 1, தரவுக் கம்பியிற் செல்லும். இரு கம்பிகளும் தடைகள் வாயிலாக மின்வழங்கலோடு இணைக்கப்பட்டிருத்தலின், எச்சில்லும் இழுக்காதபோது அவை உயர் அழுத்தத்தில் நிற்கும், அந்நிலையே 1. 0 எனக் கூற விரும்பும் சில்லு கம்பியைத் தாழ் அழுத்தத்துக்கு இழுத்தல் வேண்டும். 1 எனக் கூறுதற்கோ கம்பியை வாளா விட்டாற் போதும். ஆதலின் மௌனமும் 1 என்னும் சொல்லும் கம்பியில் வேறுபாடின்றித் தோன்றும்.

இம்மயக்கத்தை நீக்குதற்கு அமைந்ததே ஒப்புகை. கட்டுப்படுத்தி முதலில் ஏழிலக்க விலாசத்தையும், எழுதுவதோ வாசிப்பதோ என்பதைக் குறிக்கும் எட்டாம் இலக்கத்தையும் அனுப்பும். ஒன்பதாந் துடிப்பில் அது கம்பியை விட்டுவிட, அவ்விலாசத்துக்குரிய உணரி அதனை இழுத்து 0 என விடையிறுக்கும். உணரி இல்லையாயின், அன்றிக் கம்பி அறுந்திருப்பின், 1 தோன்றும். இவ்வுணரியின் விலாசம் 104. அதன் முனையொன்றை உயர் அழுத்தத்தோடு இணைப்பின் 105. எனவே ஒரே கம்பிச் சோடியில் இத்தகைய உணரிகள் இரண்டு இடம்பெறல் கூடும்.

எனினும் ஒப்புகை, கேட்டவர் உளர் என்பதற்கே சான்று. விடை மெய் என்பதற்கன்று. மின்பெற்றவுடன் இவ்வுணரி உறக்கநிலையில் இருக்கும். அழைப்பின் ஒப்புகை தரும். ஆனால் அளத்தலைச் செய்யாது. அதன் 107 ஆம் பதிவகத்தில் 0 எழுதிய பின்னரே அளவை தொடங்கும். புதிதாய்ப் பயில்வோர் கருவியை எவ்வளவு அசைத்தும் மாறாத எண்களைக் கண்டு திகைத்தற்கு இது ஒரு காரணமாகும்.

இதனினும் நுண்ணிய பிழை ஒன்றுண்டு. ஒவ்வோர் அளவும் 16 இலக்கமுடையது. ஆகையால் மேற்பைற்று, கீழ்ப்பைற்று என இரு கூறாக வரும். மேற்பைற்றின் பெறுமதி 256 ஆற் பெருக்கப்படும். அளவு 255 ஆயிருக்கையில் மேற்பைற்று 0, கீழ்ப்பைற்று 255; 256 ஆகும்போது முறையே 1, 0. கட்டுப்படுத்தி இவற்றைத் தனித்தனியே வினவுகின்றதெனக் கொள்வோம். பழைய அளவின் மேற்பைற்றாகிய 0 ஐப் பெற்றபின் அளவு மாறிவிடின், புதிய அளவின் கீழ்ப்பைற்றாகிய 0 அடுத்து வரும். விடை 0 ஆகிவிடும். புவியீர்ப்பு ஆர்முடுகல் 16,384 எனக் குறிக்கப்படும் அளவுத்திட்டத்தில், ஏறத்தாழ 0.9 பாகை சாய்ந்திருக்கும் கருவி சாய்வே அற்றதெனக் கூறப்பட்டதாகும். பைற்றுக்கள் இரண்டும் மெய்; அவற்றைச் சேர்த்த எண்ணோ பொய்.

இதற்குப் பரிகாரம் 59 ஆம் பதிவகந் தொட்டு 14 பைற்றுக்களையும் இடைவிடாது வாசித்தலே. ஆர்முடுகலுக்கு 6, வெப்பநிலைக்கு 2, கோணவேகத்துக்கு 6 என அவை தொடர்ந்து வரும். வாசிப்பு முடியுமளவும் உணரி வெளிப் பதிவகங்களை மாற்றாது காத்தலின், அனைத்தும் ஒரே கணத்துக்குரியனவாய் அமையும். விலாசங்களும் ஒப்புகைகளும் உட்பட இதற்கு வேண்டுவன 153 துடிப்புக்கள். செக்கனுக்கு 400,000 துடிப்பு வேகத்தில் அது 0.4 மில்லிசெக்கனும் ஆகாது.

அச்சிறு பொழுதில் ஒழுங்கு காக்கப்படின் வானூர்தி நிலைபெறும். வினவுவோன் விடை பெற்றதோடு அமையாது, அது எக்கணத்து விடை என்பதையும் ஆராய்தல் கடனாகும்.