மேப்பிள் இலை எப்போது சிவக்கும்?

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள ஆறு மாநிலங்களுக்கு நியூ இங்கிலாந்து என்று பெயர். செப்டம்பர் கடைசியில் அங்குள்ள மலைக்காடுகள் மஞ்சளும் செம்மஞ்சளும் இரத்தச் சிவப்புமாக மாறத் தொடங்கும். இதைக் காண்பதற்கென்றே இலட்சக்கணக்கான மக்கள் காரில் கிளம்புகிறார்கள். ஆனால் ஒரு சங்கடம் உண்டு. எந்த ஓர் இடத்திலும் நிறம் உச்சத்தில் நிற்பது ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். முந்திப் போனால் வெறும் பச்சை. பிந்திப் போனால் மொட்டைக் கிளை. எனவே இப்பயணத்துக்குச் சாலை வரைபடம் மட்டும் போதாது. இலைக்குள் நடப்பதும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

ஜூன் மாதத்தில் அங்கே பகல் பொழுது 15 மணி நேரத்துக்கும் அதிகம். அக்டோபர் நடுவில் அது சுமார் 11 மணி நேரமாகக் குறைந்துவிடுகிறது. பகல் சுருங்குவதை மரம் உணர்கிறது. குளிர்காலத்தில் மண்ணிலுள்ள நீர் உறைந்துபோகும். அப்போது மெல்லிய அகன்ற இலைகளைக் காப்பாற்றுவது நடவாத காரியம். ஆகவே மரம் இலைகளை உதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் அப்படியே எறிந்துவிடுவதில்லை. இலையின் புரதங்களைச் சிதைத்து, அவற்றிலுள்ள நைட்ரஜனில் ஏறக்குறைய பாதியைத் தண்டுக்குள் இழுத்துக்கொள்கிறது. வீட்டைக் காலி செய்பவர் கதவு ஜன்னல்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு போவதைப் போல!

அந்தப் புரதங்களில் ஒரு பகுதி பச்சையத்தோடு பிணைந்தவை. அவற்றை விடுவிக்கப் பச்சையத்தையும் கலைத்தாக வேண்டும். பச்சை மறைந்ததும், கோடை முழுவதும் அதனடியில் ஒளிந்திருந்த மஞ்சள் நிறப்பொருள்கள் வெளிப்படுகின்றன. கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டின் வகையைச் சேர்ந்தவை இவை. பிர்ச், ஆஸ்பென் மரங்களின் பொன் நிறத்துக்கு இவையே காரணம்.

சிவப்பின் கதை வேறு. செம்பருத்திக்கும் நாவற்பழத்துக்கும் நிறம் தரும் ஆந்தோசயனின் என்ற பொருள்தான் மேப்பிள் இலையையும் சிவக்க வைக்கிறது. இது முன்பே இருந்ததல்ல. உதிரப்போகும் இலை புதிதாகத் தயாரிப்பது. அதற்குச் சர்க்கரையும் நல்ல வெயிலும் தேவை. சாகப்போகும் இலை ஏன் இப்படிச் செலவு செய்கிறது? நைட்ரஜனை மீட்கும் வேளையில் கடும் வெயில் இலையைக் கெடுக்காமலிருக்க இது ஒரு குடை என்கிறார்கள் பலர். பூச்சிகளுக்குக் காட்டும் எச்சரிக்கை என்ற கருத்தை ஹாமில்டனும் பிரவுனும் 2001-ல் வெளியிட்டார்கள். விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. எனக்குக் குடை விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. ஒரே மரத்தில் வெயில் படும் பக்கம் அதிகம் சிவந்தும், நிழல் பக்கம் மஞ்சளாகவும் இருப்பதுண்டு அல்லவா!

இனிப் பயணத்துக்கு வருவோம். பகல் தெளிவாகவும், இரவு உறையாத குளிராகவும் இருந்தால் சிவப்பு நன்றாக ஏறும். பகல் வெயிலில் சர்க்கரை உண்டாகிறது. இரவுக் குளிரில் அது இலையை விட்டு வெளியேறுவது தாமதப்படுகிறது. தொடர்ந்து மேகம் மூடியிருந்தால் சிவப்பு மங்கும். உறைபனி முந்தி விழுந்தால் இலை கருகிவிடும். நிறம் வடக்கிலிருந்து தெற்காகவும், மலையுச்சியிலிருந்து அடிவாரமாகவும் இறங்கி வரும்.

நியூ ஹாம்ப்ஷயரில் கங்கமாகஸ் சாலை என்று ஒன்று உண்டு. மேற்கே லிங்கன், கிழக்கே கான்வே என்ற ஊர்களை இணைக்கும் இச்சாலை சுமார் 55 கிலோமீட்டர் நீளம். நடுவிலுள்ள கணவாயின் உயரம் ஏறத்தாழ 870 மீட்டர். லிங்கனோ 250 மீட்டர்தான். ஒவ்வோர் 1000 மீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்ஷியஸ் வெப்பம் குறைகிறது என்று கொண்டால், கணவாயில் சுமார் 4 டிகிரி குளிர்ச்சி அதிகம். ஆகவே மேலே இலைகள் உதிர்ந்துவிட்டாலும் கீழே இப்போதுதான் சிவந்துகொண்டிருக்கலாம். தேதி சற்றே தவறினாலும், உயரம் மாறி மாறிச் செல்லும் சாலை கைகொடுக்கும்.

காலையில் கிழக்கேயுள்ள கான்வேயிலிருந்து புறப்படுவது நல்லது. சூரியன் முதுகுப்புறம் இருப்பதால் ஓட்டுபவரின் கண் கூசாது. இலைகள் ஒளிர்வதைக் காண வேண்டுமானால் வண்டியை நிறுத்தி, சூரியன் இருக்கும் பக்கம் நோக்குங்கள். ஒளி இலையை ஊடுருவி வரும்போதுதான் நிறம் முழு அழகையும் காட்டும். வழியில் பெட்ரோல் நிலையம் கிடையாது. முன்னதாகவே நிரப்பிக்கொள்ள வேண்டும். நனைந்த சருகுகள் மேல் டயர் வழுக்கும். அந்தி நேரத்தில் மூஸ் என்னும் பெரிய மான்கள் சாலையைக் கடக்கும்.

எல்லாரையும் முந்திக்கொண்டு சிவந்து நிற்கும் சர்க்கரை மேப்பிளைப் பார்த்துப் பலரும் பரவசப்படுகிறார்கள். அது நோயுற்ற மரமாகவும் இருக்கலாம். நைட்ரஜன் போதாத மரங்கள் முன்னதாகவே சிவப்பது ஆய்வில் தெரிந்திருக்கிறது. லிங்கனுக்குத் தெற்கே, அதே மலைப்பகுதியில் ஹப்பார்டு புரூக் ஆராய்ச்சிக் காடு உள்ளது. 1963-ல் அங்கே மழைநீரைச் சோதித்தபோது அதில் அமிலம் மிகுந்திருப்பது தெரியவந்தது. அந்த மழை பல ஆண்டுகளாக மண்ணிலுள்ள கால்சியத்தைக் கரைத்துக் கொண்டுபோயிருந்தது. 1999-ல் விஞ்ஞானிகள் அங்கே சுமார் 12 ஹெக்டேர் பரப்பில் கால்சியம் கலந்த தாதுவை ஹெலிகாப்டரிலிருந்து தூவினார்கள். சில ஆண்டுகளில் அங்கிருந்த மேப்பிள்களின் தழை செழித்தது, நாற்றுகளும் பெருகின.