பெண் பிள்ளைகளும் பந்து ஆடட்டும்



"பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப் பந்து?" என்று குழுக் கூட்டங்களில் எங்களிடம் கேட்கிறீர்கள். கடலூர் இந்துமதி கதிரேசன் கால்பந்தில் இந்திய அணிவரை போனார். காவல் உதவி ஆய்வாளரும் ஆனார். 2018-இல் தமிழகப் பெண்கள் அணி தேசியக் கோப்பையை வென்றது.

எல்லோரும் அப்படி ஆகணும் என்பதில்லை. ஓடியாடினால் உடம்புக்கும் மனசுக்கும் நல்லது.

ஊர்ப் பொட்டலில் பத்துப் பிள்ளைகள், பக்கத்துக்கு ஐந்து பேர், ஒரு பந்து போதும். 8 முதல் 12 வயதுக்கு 4-ஆம் எண் பந்து, அதற்கு மேல் 5-ஆம் எண். வெயில் தாழ்ந்து ஆட்டம், குடிக்கத் தண்ணீர், விளக்கு வைக்குமுன் வீடு. தினம் ஒரு தாய் முறைவைத்துக் கூட இருக்கட்டும்.

வயசுக்கு வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். மாதவிலக்கு நாளிலும் உடம்புக்கு முடிந்தால் ஆடலாம்.

பந்துச் செலவைப் பங்கிடுவது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசி முடிவெடுப்போமா?