பத்தாவது முறை மிதிக்கும்போது

1964 ஏப்ரலில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது ஃபோர்ட் மஸ்டாங். அந்த முதல் தலைமுறை வண்டிகளில் பெரும்பாலானவை நான்கு சக்கரத்திலும் ட்ரம் பிரேக்கோடுதான் வந்தன. முன்சக்கரத்துக்கு டிஸ்க் வேண்டுமென்றால் கூடுதல் காசு கொடுக்க வேண்டும், பலர் கொடுக்கவில்லை. இன்று அந்த வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக்கி நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர் முதலில் செய்ய நினைக்கும் மாற்றம், முன்பக்க ட்ரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போடுவது.

டிஸ்க் போட்டால் வண்டி சட்டென்று நிற்கும் என்று நம்பித்தான் இதில் இறங்குகிறார்கள். பாதிதான் உண்மை. சரியாக அட்ஜஸ்ட் செய்த ட்ரம் பிரேக்கை ஓங்கி மிதித்தாலும் சக்கரம் லாக் ஆகிவிடும். அதற்குமேல் வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்புதான். ஆகவே சமதரையில் ஒரே ஒருமுறை மிதித்து நிறுத்தும்போது இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. மலையிறக்கத்தில், பத்தாவது முறை மிதிக்கும்போதுதான் தெரியும்.

ட்ரம் என்பது கவிழ்த்த சட்டி. உள்ளே இரண்டு ஷூக்கள் விரிந்து சட்டியின் உட்சுவரை உரசுகின்றன. சூடு வெளியேற வழி குறைவு. சூடேறிய சட்டி விரிந்து ஷூவைவிட்டு விலகும். அந்த இடைவெளியை நிரப்ப பெடல் இன்னும் கீழே இறங்க வேண்டும். ஷூவின் மேல் ஒட்டிய லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கும். தேங்கிய மழைநீரைக் கடந்த பிறகு, பிரேக்கை லேசாக மிதித்தபடியே கொஞ்சதூரம் ஓட்டி ஷூவைக் காயவைத்த பழைய அம்பாசடர் டிரைவர்களுக்கு இன்னொரு குறையும் தெரியும்: உள்ளே போன தண்ணீர் எளிதில் வெளியே வராது.

டிஸ்க்கோ திறந்தவெளியில் சுழலும் தட்டு. இரண்டு பக்கமும் பேட் வந்து கவ்வுகிறது. சூடேறினால் தட்டு சற்றே தடிக்கும், அதாவது பேடை நோக்கித்தான் வரும். தண்ணீரைச் சுழற்சியிலேயே வீசி எறிந்துவிடும். 1953இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் வென்றபோது உலகம் கண்டது இந்தக் குணத்தைத்தான். மற்றவர்கள் பிரேக்கைச் சூட்டிலிருந்து காப்பாற்ற முன்கூட்டியே வேகம் குறைத்த இடங்களில், அந்த வண்டியால் தாமதித்துக் குறைக்க முடிந்தது.

இனி மாற்றும் வேலைக்கு வருவோம். சக்கரத்தில் நடப்பது கண்ணுக்குத் தெரிகிற வேலை, அதில் தவறு குறைவு. பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே, கண்ணில் படாத இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

ட்ரம்மில் ஒரு வசதி உண்டு. சுழலும் சட்டியே முன் ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். அமெரிக்க வண்டிகளில் அந்த முன் ஷூ பின் ஷூவையும் தள்ளும்படி அமைத்திருந்தார்கள். அதனால் லேசாக மிதித்தாலே போதும். டிஸ்க்கில் இந்த இலவச உதவி கிடையாது. காலால் கொடுக்கும் அழுத்தம் மட்டுமே பேடுக்குப் போகும். “புது பிரேக் போட்டும் பெடல் கல் மாதிரி இருக்கிறது” என்று குறைப்படுவது இதனால்தான்.

இதற்குத் தீர்வு, பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் துளை அளவில் இருக்கிறது. துளை சிறிதானால் அதே மிதிக்கு அழுத்தம் கூடும். ஆனால் பெடல் அதிகதூரம் போகும். டிஸ்க்கில் பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டன், ட்ரம்மில் ஷூவை விரிக்கும் வீல் சிலிண்டர் பிஸ்டனைவிடப் பெரியது. அதை நகர்த்த ஆயிலும் கூடுதலாக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே பொருத்தமான அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மிதிக்கு வலுச்சேர்க்கும் பூஸ்டர் வைப்பது இன்னொரு வழி. ஆனால் அது என்ஜினின் வாக்யூமில் வேலை செய்வது. பந்தய கேம்ஷாஃப்ட் போட்டு வாக்யூம் குறைந்த என்ஜினில் பூஸ்டர் கைவிட்டுவிடும்.

இந்த மாஸ்டர் சிலிண்டரில்தான் முதல் காசு செலவாக வேண்டும் என்பேன். 1966 வரை வந்த மஸ்டாங்கில் ஒரே அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர். ஒரு ஹோஸ் வெடித்தாலும், ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 1967இல் முன்சக்கரத்துக்கு ஓர் அறை, பின்சக்கரத்துக்கு ஓர் அறை என்று பிரித்தார்கள். 1968 முதல் அமெரிக்கச் சட்டமே கார்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. டிஸ்க் வாங்கப் பணம் போதாதவர்கூட இந்த இரட்டை அறை சிலிண்டரை ட்ரம் பிரேக்குக்கே போட்டுக்கொள்ளலாம். உயிர்காக்கும் மாற்றம் அதுதான்.

பழைய சிலிண்டரை அப்படியே வைத்துக்கொண்டு முன்னால் டிஸ்க் போடுவது கூடவே கூடாது. ட்ரம்முக்கான சிலிண்டரின் வாயில், குழாயில் எப்போதும் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை நிறுத்திவைக்கும் சின்ன வால்வு இருக்கும். ட்ரம்மில் ஷூவைத் திரும்ப இழுக்க வலுவான ஸ்பிரிங் உண்டு, அதனால் தொல்லை இல்லை. காலிப்பரில் ஸ்பிரிங் இல்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் முறுக்கிக்கொண்டு, கால் எடுத்ததும் நிமிர்ந்து, பிஸ்டனை மயிரிழை அளவு பின்னிழுக்கும். அவ்வளவே. அந்த 10 பிஎஸ்ஐ இருந்தால் பேட் தட்டை உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும், தேயும்.

பின்சக்கரத்தில் ட்ரம்மையே விட்டுவைக்கலாம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. பெரும்பங்கு வேலையை முன்சக்கரங்கள்தான் செய்கின்றன. ஹேண்ட் பிரேக்குக்கும் ட்ரம் எளிது. ஆனால் முன்னால் டிஸ்க் கேட்கும் கூடிய அழுத்தம் பின்னாலும் போகும். எடை குறைந்த பின்சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டியின் வால் வீசி, வண்டியே திரும்பிவிடும். அதைத் தடுக்கவே பின்பக்கக் குழாயில் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் ப்ரொபோர்ஷனிங் வால்வு. திருகி அளவு மாற்றக்கூடியதை வாங்கி, ஆளில்லாத மைதானத்தில், முன்சக்கரம் சற்று முந்தி லாக் ஆகும்வரை சரிசெய்ய வேண்டும்.

ஆறு சிலிண்டர் மஸ்டாங் வைத்திருப்பவருக்கு இன்னொரு செலவு. அதன் சக்கரத்துக்கு நான்கு போல்ட். வி8 வண்டிக்கு ஐந்து. ஐந்து போல்ட் டிஸ்க்கை முன்னால் போட்டால் பின் ஆக்சிலையும் மாற்ற வேண்டியிருக்கும், இல்லையென்றால் ஸ்டெப்னி ஒரு பக்கத்துக்குத்தான் பொருந்தும். 1970களின் ஃபோர்ட் கிரனடாவிலிருந்து ஸ்பிண்டிலோடு டிஸ்க்கைக் கழற்றிப் போடுவதும் அமெரிக்காவில் நெடுநாள் வழக்கம். எதைப் போட்டாலும், பழைய 14 அங்குல ரிம் காலிப்பரில் இடிக்கிறதா, ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் ஒடித்தால் ஹோஸ் இழுபடுகிறதா என்று வண்டி ஜாக்கியில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

காலிப்பரில் ஏர் எடுக்கும் திருகு மேல்பக்கம் இருக்க வேண்டும். இடதையும் வலதையும் மாற்றிப் பொருத்தினால் அது கீழே போய்விடும்; காற்று மேலேயே தங்கும்; எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் பெடல் பஞ்சு போலத்தான் இருக்கும். டாட் 3 ஆயில் ஓடிய குழாயில் சிலிகான் வகை டாட் 5 ஊற்ற வேண்டாம், இரண்டும் கலக்காது. பழைய லைனிங் தூசியை ஏர் அடித்து ஊதவும் வேண்டாம். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்தெடுத்து உறையில் கட்டிவிடுங்கள்.

கழற்றிய ட்ரம், ஸ்பிண்டில், பழைய மாஸ்டர் சிலிண்டர் எதையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். எண்ணெய் தடவி, எந்தப் பக்கத்தது என்று சீட்டு எழுதிக் கட்டி, ஒரு பெட்டியில் வையுங்கள். வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே திருப்ப விரும்பும் அடுத்த உரிமையாளர் முதலில் கேட்பது அந்தப் பெட்டியைத்தான்.