முதல் பத்து நிமிடங்கள்

"மிஸ், உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும்."

சில ஆண்டுகளுக்கு முன் மதிய உணவு முடிந்த நேரத்தில் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி வகுப்பறை வாசலில் நின்று இப்படிச் சொன்னாள். அவள் சொன்னதைக் கேட்டுப் பதறிப்போனேன். "ஏன் இவ்வளவு நாளா சொல்லல?" என்று கேட்டேன். ஆசிரியர் அறைக்கு அழைத்துச் சென்று, இன்னும் இரண்டு ஆசிரியைகள் முன்னால் மறுபடியும் சொல்ல வைத்தேன். மூன்றாம் முறை கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு, "ஒண்ணும் இல்ல மிஸ், சும்மா சொன்னேன்" என்றாள். அத்தோடு விட்டுவிட்டேன். மாதக் கடைசியில் அவள் குடும்பம் வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விட்டது.

என் அக்கறையில் குறை இல்லை. குழந்தை இப்படிச் சொல்ல வரும்போது என்ன செய்ய வேண்டும் என்ற பயிற்சி எனக்கு இல்லை. பின்னர் கிடைத்த பயிற்சியில் கற்றதைச் சக ஆசிரியர்களுடன் பகிர்கிறேன்.

கேட்பது நம் வேலை, விசாரிப்பது அல்ல

குழந்தையைத் தனியாக, ஆனால் பிறர் பார்வையில் படும் இடத்தில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். "அவர்தான் செய்தாரா?", "இங்கே தொட்டாரா?" என்று பதிலை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. அப்படிக் கேட்டால், ஆசிரியர் சொல்லிக் கொடுத்ததைக் குழந்தை சொல்கிறது என்று பின்னாளில் நீதிமன்றத்தில் வாதிட இடம் கிடைத்துவிடும். "அப்புறம்?", "சொல்லும்மா, கேட்கிறேன்" என்பவை போதும். "ஏன்" என்று தொடங்கும் கேள்வி, தன்மேல்தான் தவறு என்று குழந்தையை நினைக்க வைக்கும்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. "உனக்கு உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்பதே உண்மையான பதில். குழந்தை போன பிறகு, அது பயன்படுத்திய சொற்களிலேயே தேதி, நேரத்துடன் எழுதி வைக்க வேண்டும். பேச்சு வழக்கைத் திருத்தி எழுதக் கூடாது.

தெரிவிப்பது சட்டக் கடமை

2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் சிறப்பு சிறார் காவல் பிரிவிலோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும். ஆதாரம் திரட்டுவது நம் பொறுப்பல்ல. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்குப் போட முடியாது. தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டால் மட்டும் நம் கடமை முடிந்துவிடாது. என்ன செய்வது என்று தெரியாதபோது 1098 எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். நம் துறையின் 14417 எண்ணும் இருக்கிறது.

2024இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தனியார் பள்ளி ஒன்றில் நடந்த போலி என்.சி.சி. முகாமில் மாணவி பாதிக்கப்பட்டார். விஷயத்தை மூடி மறைக்க முயன்றதாகப் பள்ளி முதல்வர் உள்ளிட்டோரும் கைது செய்யப்பட்டனர். 'பள்ளியின் பெயர் கெடக் கூடாது' என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இது போதும்.

அடுத்து என்ன நடக்கும்?

குழந்தையும் தாயும் முதலில் பயப்படுவது "போலீஸ் ஸ்டேஷன்" என்ற சொல்லுக்குத்தான். காவலர் சீருடையில் வரக் கூடாது. இயன்றவரை பெண் உதவி ஆய்வாளரே வாக்குமூலம் பெற வேண்டும். அதைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பெறலாம். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் காவல்துறை குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்கு முடியும் வரை உடனிருக்க ஓர் ஆதரவு நபரை அந்தக் குழு நியமிக்கலாம். இவற்றை நாம் தெரிந்து வைத்திருந்தால்தான் அந்தத் தாய்க்குத் தைரியம் சொல்ல முடியும்.

நம் பகுதியின் தேவை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் பலர் மாலையில் தனியாக இருக்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளும் நம் வகுப்பில் உண்டு. தமிழ் தெரியாத குழந்தை பேச வந்தால், மேஸ்திரியையோ பக்கத்து வீட்டுக்காரரையோ மொழிபெயர்க்கக் கூப்பிடக் கூடாது. குழந்தை பயப்படுவது அவருக்காகவே கூட இருக்கலாம். தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யச் சட்டமே இடம் தருகிறது. புகார் தெரிவிக்கும்போதே குழந்தையின் மொழியையும் குறிப்பிடுங்கள்.

2025 ஜூலையில் கும்மிடிப்பூண்டி அருகே ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின், "வெளியாட்களிடம் ஜாக்கிரதை" என்று எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். அது சரிதான், ஆனால் போதாது. மத்திய அரசு 2007இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகளில் 53 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கூறினர். தொல்லை தந்தவர்களில் சுமார் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த நாட்களில் கண்காணிப்பு கேமராக் காட்சி ஒன்றும் கைபேசிகளில் பரவியது. குழந்தையின் அடையாளம் தெரியும்படி ஊடகங்கள் வெளியிடுவதைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்கிறது. நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் அதைப் பகிராமல் இருப்பது நம் கடமை.

பயிற்சி என்பது பழகுவது

குழந்தைகளோடு பழகும் நிரந்தர, ஒப்பந்தப் பணியாளர் அனைவருக்கும் அவ்வப்போது பயிற்சி தர வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகள். சத்துணவுப் பணியாளர், துப்புரவுப் பணியாளர், பகுதிநேர ஆசிரியர் அனைவரும் இதில் அடங்குவர். சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டால் இந்தத் திறன் வந்துவிடாது. அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இருவர் இருவராக உட்காருங்கள். ஒருவர் குழந்தையாகப் பேசட்டும், மற்றவர் குறுக்கிடாமல் கேட்கட்டும். நான் முதலில் செய்து பார்த்தபோது இரண்டாவது நிமிடத்திலேயே "ஏன்?" என்று கேட்டுவிட்டேன். நான்காவது முறைதான் என்னால் வாயை மூடிக்கொண்டு கேட்க முடிந்தது.

அந்த மாணவி இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அடுத்து வாசலில் வந்து நிற்கும் குழந்தை ஒரே ஒரு முறை சொன்னால் போதும் என்ற அளவுக்காவது நாம் தயாராக இருக்க வேண்டும்.