புல்வெளிக் கோழி சொல்லும் பாடம்

அடைக்கு வைத்த முட்டைகளில் பாதி கூமுட்டையாகிப் போனால், 'இடி இடித்தது', 'வெயில் அதிகம்' என்று காரணம் சொல்வது வழக்கம். சேவலும் பெட்டையும் நெருங்கிய உறவா என்று பார்ப்பவர்கள் குறைவு. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில், ஒரு காட்டுப் பறவை இனமே இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டது.

அங்கே ஒரு காலத்தில் புல்வெளிக் கோழிகள் லட்சக்கணக்கில் இருந்தன. புல்வெளிகளை உழுது மக்காச்சோள வயல்களாக மாற்றியதும், அவை கூடு கட்ட இடம் இல்லாமல் போயிற்று. 1962-ல் சுமார் 2,000 இருந்தவை, 1993 வாக்கில் 50-க்கும் கீழே வந்துவிட்டன.

எஞ்சிய நிலத்தைப் பாதுகாத்தும் கோழிகள் பெருகவில்லை. முன்பு நூற்றுக்கு 90-க்கு மேல் பொரித்த முட்டைகளில், பாதிகூடப் பொரிக்கவில்லை. அருங்காட்சியகத்தில் இருந்த பழைய பறவைகளின் மரபணுக்களோடு ஒப்பிட்டபோது காரணம் புரிந்தது. முன்பிருந்த மரபணு வகைகளில் பல காணாமல் போயிருந்தன.

பல நிற மொச்சைகள் நிறைந்த குடத்தைக் கவிழ்த்து, பத்து மணிகளை மட்டும் எடுத்து விதைத்தால் சில நிறங்கள் விட்டுப்போகும். பிறகு எத்தனை மூட்டை விளைந்தாலும் அந்த நிறங்கள் திரும்ப வராது. பறவைக் கூட்டம் சுருங்கும்போதும் இப்படித்தான். மிஞ்சியவை உறவுக்குள்ளேயே இணைசேரும். மறைந்திருக்கும் ஒரே குறை தாய், தந்தை இருவரிடமிருந்தும் குஞ்சுக்குச் சேர்ந்து, கரு முட்டைக்குள்ளேயே மடியும்.

1992 முதல் மின்னசோட்டா, கான்சஸ், நெப்ராஸ்கா மாநிலங்களிலிருந்து 271 கோழிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகளிலேயே பொரிப்பு மீண்டும் 90 சதவிகிதத்தைத் தாண்டியது. ஆனால், புல்வெளி குறுகியே கிடப்பதால் கோழிகளின் எண்ணிக்கை இன்னும் சொற்பம்தான். புது ரத்தம் முட்டையைப் பொரிக்க வைக்கும். மேயும் நிலத்தைத் தராது.

நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். பொரிப்பு குறைந்தால் முட்டை பழசா, சூடு பட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதில் குறை இல்லையென்றால் சேவலை மாற்றலாம். வீட்டுச் சேவலின் மகனையே அடுத்த சேவலாக விடக் கூடாது. உறவில்லாத சேவலை வெளியூரிலிருந்து வாங்கி, நோய் இருக்கிறதா என்று இரண்டு வாரமாவது தனியே வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் சேர்க்க வேண்டும்.