விளைத்தவர் விற்க முடியாத கோதுமை

கனடாவின் மேற்குச் சமவெளியில் கோதுமை பயிரிட்டவர்கள் தங்கள் விளைச்சலைத் தாங்களே விலைபேசி ஏற்றுமதி செய்ய, 1943 முதல் 2012 வரை சட்டம் இடம் தரவில்லை. மனிடோபா, சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா என்ற மூன்று மாகாணங்களிலும், பிரிட்டிஷ் கொலம்பியாவின் பீஸ் ஆற்றுப் பகுதியிலும் விளைந்த கோதுமை, ஏற்றுமதிக்கானாலும் உள்நாட்டு மாவாலைக்கானாலும், வின்னிபெக் நகரில் தலைமையிடம் கொண்ட கனடா கோதுமை வாரியத்தின் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. 1949-இல் பார்லியும் ஓட்ஸும் இதற்குள் வந்தன. ஓட்ஸ் 1989-இல் விடுபட்டது. கிழக்கே ஒன்டாரியோ விவசாயிகளுக்கு இந்த வாரியம் பொருந்தவில்லை. ஒரே நாட்டில் மேற்கத்திய விவசாயிக்கு மட்டும் ஏன் இந்தக் கட்டு என்ற கேள்வி கடைசிவரை அடங்கவே இல்லை.

வாரியம் விவசாயிகள் மேல் வானத்திலிருந்து வந்து விழுந்ததல்ல. அவர்களில் பெரும்பகுதியினர் கேட்டு வாங்கியது. அறுவடை முடிந்த கையோடு எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க, விலை சரியும்; பிறகு அது ஏறும்போது லாபம் வணிகர் கைக்குப் போகும். முதல் உலகப் போருக்குப் பின் 1919-இல் அரசு ஒரு வாரியம் வைத்துப் பார்த்து, மறு ஆண்டே மூடிவிட்டது. அதன் ருசி கண்ட விவசாயிகள் 1923, 1924 ஆண்டுகளில் மாகாணந்தோறும் கூட்டுறவு அமைத்துத் தானியத்தை ஒன்றாகச் சேர்த்து விற்றார்கள். 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் அந்தக் கூட்டுறவுகளின் விற்பனை அமைப்பைக் கவிழ்த்தது. பிரதமர் பென்னட்டின் அரசு 1935-இல் உருவாக்கிய வாரியம் அந்த இடிபாட்டின் மேல் எழுந்தது. அப்போது அதனிடம் விற்பது அவரவர் விருப்பம்.

அது கட்டாயமானது போர்க்காலத்தில். 1943-இல் கோதுமை விலை ஏறத் தொடங்க, வின்னிபெக் தானியச் சந்தையில் கோதுமை வியாபாரத்தை நிறுத்திவிட்டு, முழு உரிமையையும் வாரியத்திடம் அரசு கொடுத்தது. விவசாயிக்கு நல்ல விலை வாங்கித் தருவதற்காக இது செய்யப்படவில்லை. விலை ஏறாமல் பிடித்து வைக்கவே செய்யப்பட்டது. இந்தப் பிறவிக் குறையைப் பின்னாளைய எதிர்ப்பாளர்கள் மறக்கவே இல்லை. போர் முடிந்ததும் 1946-இல் பிரிட்டனோடு நான்காண்டு ஒப்பந்தம் போடப்பட்டது. 60 கோடி புஷல் கோதுமை (ஒரு புஷல் ஏறக்குறைய 27 கிலோ). முதல் இரண்டு ஆண்டுகளுக்கு விலை புஷலுக்கு 1.55 டாலர். அந்த ஆண்டுகளில் வெளிச்சந்தை விலை 2 டாலரைத் தாண்டி ஓடியது. வித்தியாசத்தைச் சுமந்தவர் விளைத்தவர்.

வாரியத்தின் கூட்டுக் கணக்கு இப்படி நடந்தது. விவசாயி ரயில் பாதையோரத்து தானியக் கிடங்கில் கோதுமையை இறக்கியதும், தரத்துக்கேற்ற முதல் தவணைப் பணம் கிடைக்கும். துறைமுகம் வரையிலான ரயில் கட்டணமும் கிடங்குச் செலவும் அதிலேயே கழியும். இந்த முதல் தவணைக்கு மத்திய அரசு பொறுப்பு. விலை விழுந்து கணக்கில் பற்றாக்குறை வந்தால் கஜானா ஈடுகட்டும். ஆகஸ்டில் தொடங்கி ஜூலையில் முடியும் பயிராண்டு முழுவதும் உலகெங்கும் விற்ற பணம் ஒரே கணக்கில் சேரும். செலவு போக மிச்சம், அவரவர் கொடுத்த எடைக்கும் தரத்துக்கும் ஏற்பப் பிரித்துத் தரப்படும். அக்டோபரில் கொடுத்தவருக்கும் மே மாதம் கொடுத்தவருக்கும் ஒரே விலை. சந்தையைக் கணிக்கத் தெரியாதவரும், கடன் நெருக்கடியில் உடனே விற்றாக வேண்டியவரும் இதனால் அடிபடாமல் தப்பினார்கள்.

ஆனால் அதே ஏற்பாடு மற்றொருவருக்குச் சுவராக நின்றது. விலை உச்சத்தில் இருந்த நாளில் விற்றிருக்கக் கூடியவரின் லாபம், சராசரியில் கரைந்துவிடும். கடைசித் தவணை பயிராண்டு முடிந்து பல மாதம் கழித்துத்தான் வரும். இலையுதிர் காலத்தில் கொடுத்த கோதுமைக்கு முழுப் பணம் பார்க்க ஓராண்டுக்கு மேல் ஆகும். இதற்குள் உரக் கடனும் டிராக்டர் தவணையும் காத்திருக்காது. எவ்வளவு கொடுக்கலாம், எப்போது கொடுக்கலாம் என்பதும் வாரியத்தின் கையில். ஒவ்வொருவரிடமும் ஒரு பெர்மிட் புத்தகம் உண்டு. கோட்டா திறந்தால்தான் கிடங்கு ஏற்கும். 1960-களின் இறுதியில் உலகச் சந்தை தேங்கியபோது, பண்ணைகளில் களஞ்சியங்கள் நிரம்பிக் கிடந்தன, கையில் காசு இல்லை. 1970-இல் கோதுமை விதைக்காமல் இருப்பதற்கே அரசு பணம் கொடுத்தது. வாரியத்துக்கு வெளியே இருந்த கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிரின் பக்கம் பலரும் சாய்ந்ததற்கு, விற்ற கையோடு பணம் என்பதும் ஒரு காரணம்.

எல்லையோர விவசாயிகளின் கோபம் இன்னும் கூர்மையானது. மனிடோபாவின் தெற்கு ஓரத்தில் இருப்பவருக்கு அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலக் கிடங்கு கூப்பிடு தூரம். அங்கே இன்றைய விலை என்ன என்பதும் தெரியும். அங்கே விற்க வேண்டுமானால் தம் கோதுமையை முதலில் வாரியத்துக்கு விற்று, வாரியம் சொல்லும் விலைக்குத் திரும்ப வாங்கி, உரிமமும் பெற வேண்டும். தன் பண்ணையை விட்டு நகராத தானியத்தைத் தானே விலைகொடுத்து வாங்கும் இந்த நடைமுறை, தாளில் எவ்வளவு நியாயமாகத் தெரிந்தாலும், அனுபவித்தவருக்கு அவமானமாகவே பட்டது. 1897 முதல் நடப்பிலிருந்த ரயில் கட்டணச் சலுகை 1995-இல் நீங்கியதும், தொலைதூரத் துறைமுகத்துக்கு அனுப்பும் முழுச் செலவும் விவசாயி தலையில் விழுந்தது. அருகிலிருந்த அமெரிக்கச் சந்தை இன்னும் கவர்ச்சியானது. உள்ளூரிலேயே டூரம் கோதுமையை அரைத்துப் பாஸ்தா செய்ய முனைந்த விவசாயிகள்கூட இந்தத் திரும்ப வாங்கும் விதியிலிருந்து விலக்குக் கேட்டுப் பெற முடியவில்லை.

பார்லியை மட்டுமாவது எல்லை தாண்டி விற்கலாம் என 1993 ஆகஸ்டில் அரசு திறந்துவிட்டது. சில வாரங்களில் நீதிமன்றம் அதை மூடியது. அதன்பின் சிலர் உரிமம் இல்லாமலே லாரியில் ஏற்றிக்கொண்டு எல்லையைக் கடந்தார்கள். அபராதமும் வாகனப் பறிமுதலும் தொடர்ந்தன. 2002 அக்டோபரில் ஆல்பர்ட்டா விவசாயிகள் 13 பேர் அபராதம் கட்ட மறுத்து லெத்பிரிட்ஜில் சிறைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் கொண்டுபோனது, மொன்டானாவின் கிராமப்புற இளைஞர் மன்றம் ஒன்றுக்கு நன்கொடையாகக் கொடுக்க ஒரு மூட்டைக் கோதுமை.

வாரியம் உண்மையில் நல்ல விலை வாங்கித் தந்ததா? விவசாயிகளால் அதைச் சரிபார்க்க முடியவில்லை. ஒவ்வொரு விற்பனை விலையும் வணிக ரகசியம். ஆதரவாளர்கள், ஆயிரக்கணக்கானோர் ஒருவரையொருவர் குறைத்து விற்காமல் ஒரே குரலில் பேரம் பேசுவதால் கூடுதல் விலை கிடைக்கிறது என்றார்கள். ரயில் நிறுவனங்களோடு மோதவும் வாரியத்துக்குத்தான் பலம் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், வாரியம் நியாயமற்ற முறையில் விற்று உலகச் சந்தையைக் கெடுக்கிறது என்று அமெரிக்கா உலக வர்த்தக அமைப்புவரை போனது. 2004-இல் அந்த வழக்கில் வாரியத்தின் விற்பனை முறை தப்பியது. எல்லைக்கு இந்தப் பக்கம் கனடாவில், அதே வாரியம் நல்ல விலையைக் கோட்டைவிடுகிறது என்ற குற்றச்சாட்டு.

வாக்கெடுப்புகளும் ஒரே குரலில் பேசவில்லை. 1997-இல் பார்லிக்கு வாரியமே வேண்டும் என்றவர்கள் 63 விழுக்காடு. அதன்பின் 1998-இல் சட்டம் திருத்தப்பட்டு, 15 இயக்குநர்களில் 10 பேரை விவசாயிகளே தேர்ந்தெடுத்தார்கள். நிலையான விலை ஒப்பந்தம் போன்ற மாற்று வழிகளும் வந்தன. இவை முன்பே வந்திருந்தால் கசப்பு ஓரளவு தணிந்திருக்கலாம். 2007-இல் பார்லி பற்றிய மற்றொரு வாக்கெடுப்பில் வாரியத்தின் ஏகபோகத்துக்கு 38 விழுக்காடுதான் ஆதரவு. 2011-இல் வாரியமே நடத்திய கணிப்பில் கோதுமைக்கு 62 விழுக்காட்டினர் பழைய முறையைக் கேட்டார்கள். பிரதமர் ஹார்ப்பரின் அரசு அதைப் பொருட்படுத்தவில்லை. அந்த டிசம்பரில் சட்டம் நிறைவேறியது; 2012 ஆகஸ்ட் 1 முதல் விற்பனை அவரவர் விருப்பம். எல்லை தாண்டித் தண்டனை பெற்றவர்களுக்கு அன்றே மன்னிப்பும் அறிவிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டே வரலாறு காணாத விளைச்சல். ரயில் பெட்டிகள் கிடைக்காமல் 2013-14 குளிர்காலத்தில் தானியம் தேங்க, பண்ணை விலைக்கும் துறைமுக விலைக்கும் இடைவெளி பெருகியது. 2014 மார்ச்சில் அரசு நாட்டின் இரண்டு பெரிய ரயில் நிறுவனங்களுக்கும் வாரத்துக்குத் தலா 5 லட்சம் டன் ஏற்றவேண்டும் என ஆணையிட்டது. வாரியத்தின் எச்சம் 2015-இல் கைமாறியது. 25 கோடி டாலர் முதலீட்டுக்குப் பதிலாக 50.1 விழுக்காடு பங்கு, பங்கீ என்ற தானிய வணிக நிறுவனமும் சவூதி அரசின் வேளாண் முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து அமைத்த ஜி3 கூட்டுக்குப் போனது. மீதி, அந்த நிறுவனத்திடம் தானியம் கொடுக்கும் விவசாயிகளுக்கான அறக்கட்டளை ஒன்றின் பெயரில் வைக்கப்பட்டது.