சுவீடன் தன் பாடலைத் தெரிந்தெடுக்குமாறு

ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தார் ஆண்டுதோறும் நடாத்தும் யூரோவிசன் பாடற் போட்டி 1956ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் லுகானோ நகரிலே தொடங்கியது. அன்று பங்குகொண்ட நாடுகள் ஏழேயாம். இப்போட்டியில் வென்றவர் யாவர் என்பதையே பலரும் பேசுவர். ஆயின், ஒரு நாடு தன் பெயரால் அனுப்பும் பாடலை எவ்வாறு தெரிந்தெடுக்கின்றது என்பது அதனினும் ஆராயத்தக்கது. சில நாடுகளில் ஒலிபரப்பு நிலையத்தாரே தமக்குள் கூடி முடிவு செய்வர். வேறு சிலவற்றில் மக்கள் காண உள்நாட்டுப் போட்டி நிகழும். பின்னைய முறையை ஒரு பெருவிழாவாகவே வளர்த்த நாடு சுவீடன். அந்நாட்டு வரலாற்றை நோக்குமிடத்து, தெரிவென்பது இரு வினாக்களை ஒருங்கே எழுப்புதல் புலனாகும். தன் மக்கள் உவக்கும் பாடல் யாது? அயலார் உவக்கும் பாடல் யாது? இவ்விரண்டுக்கும் விடை ஒன்றாய் அமைதல் அரிது.

சுவீடன் 1958இல் முதன்முதலாகப் பங்குபற்றியபோது உள்நாட்டுப் போட்டி எதுவும் நிகழவில்லை. நிலையத்தார் அலிசு பாப்சு என்னும் பாடகியைத் தாமே தெரிந்து அனுப்பினர். மறு ஆண்டு போட்டி நடந்தது. சிவ் மால்ம்குவிஸ்ட் பாடிய பாடல் வென்றது. எனினும், கான் நகருக்கு அப்பாடலுடன் சென்றவர் பிரிட்டா போர்க் என்னும் வேறொருவர். இன்று இது விந்தையாய்த் தோன்றும். அன்றோ தெரிவு பாடலுக்கேயன்றிப் பாடுவோர்க்கு அன்று. குரலை மாற்றினும் பாடல் மாறாது என்பது அவர்தம் கொள்கை போலும். 1961இலும் அவ்வம்மையாருக்கு அதுவே நேர்ந்தது. வென்றும் செல்லப்பெறாத அவர் நிலை இரங்கத்தக்கதே.

மொழிச் சிக்கல் 1965இல் எழுந்தது. அவ்வாண்டு உள்நாட்டுப் போட்டிப் பாடல்கள் அனைத்தையும் இங்வார் விக்செல் என்னும் இசைநாடகப் பாடகர் ஒருவரே பாடினார். சுவீடிய மொழியில் தெரிவுபெற்ற பாடலை, நேப்பிள்சு நகரில் அவர் ஆங்கிலத்திற் பாடினார். அதன் பின்னர், 1966 முதல் ஒவ்வொரு நாடும் தன் நாட்டு மொழியிலேயே பாடல்வேண்டுமென விதி வகுக்கப்பட்டது. அவ்விதி 1973இல் நீங்கி, 1977இல் மீண்டும் வந்து, 1999இல் முற்றாக ஒழிந்தது.

விதி முதன்முறை நீங்கிய காலத்திலேதான் யார் தெரிவது என்னும் வினாவும் முற்றியது. 1973இல் இசை வல்லுநர் குழுவே பாடலைத் தெரிந்தது. பின்னாளில் ‘அபா’ எனப் புகழ்பெற்ற நால்வர் அவ்வாண்டு ‘ரிங் ரிங்’ என்னும் பாடலுடன் வந்து மூன்றாம் இடமே பெற்றனர். மக்கள் பெரிதும் விரும்பிய பாடலை வல்லுநர் தள்ளினரென்று குறை எழுந்தது. அடுத்த ஆண்டு வல்லுநர்க்குப் பதிலாகப் பல பகுதிகளிலும் பொதுமக்களைக் கொண்ட நடுவர் குழுக்கள் அமர்ந்தன. ‘வாட்டர்லூ’ தெரிவுபெற்றது. உள்நாட்டிற் சுவீடிய மொழியிற் பாடப்பெற்ற அது, 1974 ஏப்பிரல் 6ஆம் நாள் பிரைட்டனில் ஆங்கிலத்தில் ஒலித்து முதற்பரிசு கொண்டது. கற்றோர் தீர்ப்பு எப்பொழுதும் பிழையென்று இதனாற் கொள்ளலாகாது. எனினும், பாடலொன்று எங்குச் சென்று தைக்கும் என்பதை அறிவதற்கு இசைப்புலமை மட்டும் போதாமை இங்கே தெளிவு.

ஆங்கிலமே வெற்றிக்கு வழியென்று கொள்வதும் பொருந்தாது. 1984இலும் 1991இலும் சுவீடன் வென்றது தாய்மொழிப் பாடல்களாலேயே. ஆயினும், 1999இல் விதி ஒழிந்ததும் சுவீடன் தன் மொழியைக் கைவிட்டது. அவ்வாண்டு சார்லட் நில்சன் உள்நாட்டிற் சுவீடிய மொழியிற் பாடிய பாடலையே எருசலேமில் ஆங்கிலத்திற் பாடி வென்றார். தொலைபேசி வாக்கும் அவ்வாண்டே தெரிவில் இடம்பெற்றது. 2002 முதல் ‘மெலொடிபெஸ்திவாலன்’ எனப்படும் அப்போட்டி நகரந்தோறும் முற்சுற்றுகள் நிகழும் பல வாரத் திருவிழாவாயிற்று. 2011 முதல் இறுதிச் சுற்றின் புள்ளிகளிற் பாதியைப் பிறநாட்டு நடுவர் குழுக்களும், மறுபாதியைச் சுவீடிய மக்களும் வழங்குகின்றனர். தன் நாட்டுப் பாடலைத் தெரியும் உரிமையிற் பாதியை அயலாரிடம் ஒப்படைத்தல் நாணத்தக்கதெனச் சிலர் கருதலாம். அயலார் செவிக்கே செல்லும் பாடலை அயலார் செவியால் முன்னரே நிறுத்துப்பார்த்தல் அறிவுடைமை என்பதும் மறுக்கவொண்ணாது. 2012, 2015, 2023 ஆகிய ஆண்டுகளின் வெற்றிகள் இம்முறையின்கீழ் வந்தவையே. அவற்றுடன் சுவீடனின் வெற்றிகள் ஏழாகி, அயர்லாந்தின் எண்ணிக்கைக்குச் சமமாயின.

ஆனால், அம்மூன்று பாடல்களும் ஆங்கிலப் பாடல்களே. 1998இன் பின்னர் 26 ஆண்டுகளாகச் சுவீடிய மொழிப் பாடல் ஒன்றேனும் அந்நாட்டின் பெயரால் யூரோவிசன் மேடை ஏறவில்லை. 2025இல் அந்நிலை மாறியது. ‘காய்’ என்னும் மூவர் குழுவினர் நீராவிக் குளியலைப் பற்றிய நகைச்சுவைப் பாடலொன்றுடன் வந்து, 2015ஆம் ஆண்டு வெற்றியாளரான மோன்சு செல்மர்லோவையும் முந்தித் தெரிவுபெற்றனர். பாசெல் நகரில் அப்பாடல் நான்காம் இடம் பெற்றது. சுவீடனுக்கு அதன் மொழியை மீட்டுத் தந்த அம்மூவரும் சுவீடரல்லர். பின்லாந்தின் மேற்கே சுவீடிய மொழி வழங்கும் வோரோ என்னும் சிற்றூரார். பாடலில் ஒலித்ததும் தலைநகரின் செம்மொழியன்று. அவ்வூர்ப் பேச்சின் சாயலே.